கைடிங் சரியாக அமையாதபோது முதலில் பார்க்க வேண்டியவை

தொலைநோக்கி வழியாக வானத்தைப் படமெடுக்கும்போது, ஒரு விண்மீனைத் துணைக் கேமராவால் கவனித்துத் தொலைநோக்கியின் நகர்வைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் கைடிங். அப்படியும் படத்தில் விண்மீன்கள் கோடாக நீண்டால் பலரும் உடனே மென்பொருளின் அமைப்புகளைக் கூட்டிக் குறைக்கத் தொடங்குகிறார்கள்; பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. பி.எச்.டி.2 என்னும் கைடிங் மென்பொருளில் உள்ள கைடிங் அசிஸ்டன்ட் என்ற சோதனை வசதியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால், அது திருத்தக் கட்டளைகளை நிறுத்திவைத்து, மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் அமைப்பு) தன்போக்கில் எப்படி நகர்கிறது என்பதை அளந்து காட்டும்.

டெக் அச்சில் (வடக்கு-தெற்கு நகர்வு) விண்மீன் ஒரே பக்கமாகச் சீராக விலகினால் துருவ ஒழுங்கமைப்பில் (மவுண்ட்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி அமைப்பதில்) பிழை இருக்கிறது. ஆர்.ஏ. அச்சில் (கிழக்கு-மேற்கு நகர்வு) ஏற்ற இறக்கம் ஒரே கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது மவுண்ட்டைச் சுழற்றும் வார்ம் கியர் என்ற திருகுப் பற்சக்கரத்தின் பிழை, ஈ.க்யூ.6 மவுண்ட்டில் அந்தச் சுற்று ஏறத்தாழ 8 நிமிடம். இரு அச்சுகளும் ஒழுங்கின்றித் துள்ளினால் காற்றுமண்டலமே காரணமாக இருக்கலாம் என்பதால், கைடு கேமராவின் எக்ஸ்போஷரை 2 முதல் 4 நொடிக்கு உயர்த்திப் பார்க்கலாம்.

அதிகம் தொல்லை தருவது டெக் பற்சக்கரத் தளர்வுதான். காலிபரேஷனில் (கட்டளைக்கு மவுண்ட் எப்படி நகர்கிறது என்று மென்பொருள் தொடக்கத்தில் அளக்கும்போது) வடக்கே ஒழுங்காக நகர்ந்த விண்மீன், தெற்கே திரும்பும் கட்டளைகள் பல சென்ற பிறகும் அசையாமல் நின்றால் தளர்வு உறுதி. அப்போது விலகலுக்கு எதிரான ஒரு திசையில் மட்டும் திருத்துமாறு அமைப்பது, இரு பக்கமும் போராடுவதைவிட நல்ல பலன் தரும். காலிபரேஷனை வான நடுவரைக்கும் (பூமியின் நடுவரைக்கு நேர்மேலே வானில் அமையும் வட்டம்) உச்சிவட்டத்துக்கும் (தலைக்கு மேலே வடக்கு-தெற்காகச் செல்லும் கோடு) அருகில் செய்வது அவசியம்.

மென்பொருள் காட்டும் கைடிங் வரைபடம் சீராக இருந்தும் விண்மீன்கள் நீண்டால், கைடு கேமரா பொருத்திய சிறு தொலைநோக்கியான கைடு ஸ்கோப்பின் பிடிமானத் திருகுகளையும், முக்காலியில் சிக்கி இழுபடும் யு.எஸ்.பி. கேபிளையும் பாருங்கள்.