கருதுகோள் சோதனை: ஆஸ்பிரினும் மிதுன ராசியும் காட்டிக்கொடுக்கும் தவறுகள்

1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஐசிஸ்-2 என்ற ஆய்வின் முடிவு வெளியானது. மாரடைப்பாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு 417 மருத்துவமனைகளில் சேர்ந்த 17,187 பேர் அதில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு மாதம் தினமும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. (ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற இன்னொரு மருந்தையும் அதே ஆய்வில் சோதித்தார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.) ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் கோளாறால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் பக்கம் 8,587 பேரில் 804, அதாவது 9.4%. வெற்று மாத்திரை பக்கம் 8,600 பேரில் 1,016, அதாவது 11.8%.

கருதுகோள் சோதனையில் முதலில் “விளைவே இல்லை” என்று வைத்துக்கொண்டு, தரவு அதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அந்த அனுமானம்தான் இன்மைக் கருதுகோள். இங்கே அது “ஆஸ்பிரினால் இறப்பு விகிதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை” என்பது. பி-மதிப்பு லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவாக வந்தது. சரி, இந்த எண் என்ன சொல்கிறது? ஆஸ்பிரின் உண்மையில் ஒன்றுமே செய்யாது என்று வைத்துக்கொண்டால், வெறும் குலுக்கல் அதிர்ஷ்டத்தால் மட்டும் இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ வருவதற்கான வாய்ப்பு அவ்வளவு குறைவு. அவ்வளவுதான் சொல்கிறது. “ஆஸ்பிரின் வேலை செய்யாமல் இருக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று” என்று சொல்லவில்லை.

ஆனால் ஆய்வேடுகளிலும் செய்தித்தாள்களிலும் திரும்பத் திரும்ப வருவது இந்த இரண்டாவது வாக்கியம்தான். மழை பெய்திருந்தால் தெரு நனைந்திருக்கும் வாய்ப்பு ஒரு விஷயம். தெரு நனைந்திருப்பதைப் பார்த்தபின் மழைதான் பெய்திருக்கிறது என்பதற்கான வாய்ப்பு வேறு விஷயம், தண்ணி லாரி போயிருக்கலாம். இரண்டும் எவ்வளவு விலகிப் போகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு துறையில் 1,000 கருதுகோள்களைச் சோதிக்கிறார்கள், அவற்றில் 100 மட்டுமே உண்மையில் விளைவு உள்ளவை என்று வைத்துக்கொள்வோம். விளைவு இருந்தால் 80% முறை கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆய்வுகள் பெரியவை. அப்போது உண்மையானவை 80 பிடிபடும். பி-மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் “விளைவு உண்டு” என்று ஏற்பது வழக்கம். அதன்படி, விளைவே இல்லாத மீதி 900இல் 5% பொய்யாகத் தேறும், அது 45. ஆகமொத்தம் “0.05க்குக் கீழே” என்று வந்த 125இல் 45 வெறும் புகை. அதாவது 36%. “பி 0.05, அதனால் 95% உறுதி” என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

என் பார்வையில் இதைவிட அதிகம் கெடுதல் செய்வது அடுத்த தவறு: பி-மதிப்பு 0.05க்கு மேலே போய்விட்டால் “வித்தியாசம் இல்லை என நிரூபணமானது” என்று எழுதிவிடுவது. இதற்கும் ஆஸ்பிரின் கதையிலேயே சான்று இருக்கிறது. 1974இல் பிரிட்டனில் எல்வுட் என்ற ஆய்வாளரின் குழுவினர், மாரடைப்பிலிருந்து மீண்ட 1,239 ஆண்களிடம் ஆஸ்பிரினைச் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் இறப்பு 12% குறைந்திருந்தது, பன்னிரண்டு மாதத்தில் 25%. ஆனாலும் புள்ளியியல் ரீதியாக முடிவு சொல்ல முடியவில்லை என்றே எழுதினார்கள். கவனியுங்கள், “பலன் இல்லை” என்று எழுதவில்லை. (ஐசிஸ்-2 மாரடைப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கியது, அதனால் இரண்டும் அச்சு அசலாக ஒரே கேள்வி அல்ல.)

ஐசிஸ்-2 வெறும் 400 பேரோடு நடந்திருந்தால்? ஏறக்குறைய அதே விகிதத்தில், ஆஸ்பிரின் பக்கம் 200 பேரில் 19 பேரும் மறுபக்கம் 200 பேரில் 24 பேரும் இறந்திருப்பார்கள். பி-மதிப்பு 0.4ஐ ஒட்டி வரும். மருந்து அதேதான், அதன் பலனும் அதேதான். மாறியது ஆட்களின் எண்ணிக்கை மட்டும். இந்த 400 பேர் ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் “ஆஸ்பிரின் பயனற்றது” என்று முடிவு கட்டியிருந்தால், ஆயிரம் நோயாளிகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றும் மருந்தைக் குப்பையில் போட்டிருப்பார். இருக்கும் விளைவைத் தவறவிடுவதுதான் இரண்டாம் வகைப் பிழை. இல்லாததை இருப்பதாகச் சொல்வது முதல் வகை. பரீட்சைக்கு இரண்டையும் மனப்பாடம் செய்கிறோம், ஆய்வு என்று வந்தால் முதலாவதை மட்டும் கவனிக்கிறோம். எத்தனை பேர் தேவை என்று தரவு சேகரிக்கும் முன்பே கணக்குப் போடாதவர்கள் இரண்டாவதில் மாட்டிக்கொள்வது கிட்டத்தட்ட உறுதி.

இனி ராசிக்கு வருவோம். ஐசிஸ்-2 கட்டுரையில் நோயாளிகளை வயது, பாலினம், நோய் வரலாறு என்று பல துணைக்குழுக்களாகப் பிரித்தும் முடிவுகளைக் காட்டினார்கள். அதோடு குறும்பாக இன்னொரு பிரிவையும் சேர்த்தார்கள்: பிறந்த தேதிப்படி மேற்கத்திய சோதிட ராசி. மிதுனம், துலாம் ராசிக்காரர்களில் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 150 பேர் (11.1%) இறந்தார்கள், எடுக்காதவர்களில் 147 பேர் (10.2%). மருந்து சற்றுக் கெடுதல் செய்தது போலத் தெரிகிறது! மற்ற பத்து ராசிகளில் 9.0%க்கு 12.1% என்று அமோகப் பலன். ராசி பார்த்து மாத்திரை கொடுக்கச் சொல்வதற்காக அவர்கள் இதைப் போடவில்லை. துணைக்குழுக்களை வெட்டிக்கொண்டே போனால் எங்காவது இப்படி ஒரு விசித்திரம் தற்செயலாகவே முளைக்கும் என்று காட்டத்தான் போட்டார்கள்.

ராசி என்பதால் நமக்குச் சிரிப்பு வருகிறது. அதே அட்டவணையில் “இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள்” என்றோ “60 வயதைத் தாண்டிய பெண்கள்” என்றோ எழுதியிருந்தால் யாராவது அதற்கு ஓர் உயிரியல் விளக்கமே தயாரித்திருப்பார்கள். கணக்கு எளிது: எந்த விளைவும் இல்லாத 20 விஷயங்களைத் தனித்தனியே 5% மட்டத்தில் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது “தேறும்” வாய்ப்பு 64%. எத்தனை சோதனை செய்தீர்கள் என்பதை மறைத்துவிட்டு, தேறிய ஒன்றை மட்டும் எடுத்து எழுதுவது வாசகரை ஏமாற்றுவதுதான், எண்ணம் அதுவாக இல்லாவிட்டாலும். துணைக்குழுக்கள் வேண்டுமென்றால் எவை என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள், சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரம்பை இறுக்குங்கள். அப்புறம், ஒரு குழுவில் பலன் தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை என்பதால் மட்டும் இரண்டு குழுக்களும் வேறுபடுகின்றன என்று ஆகிவிடாது. அந்த வேறுபாட்டையே தனியாகச் சோதிக்க வேண்டும்.

தரவு வரவர எட்டிப் பார்ப்பதும் இதே ரகம். ஐந்து கட்டங்களில் பார்த்து, எப்போது 0.05க்குக் கீழே இறங்குகிறதோ அப்போது நிறுத்திக்கொள்வது என்று வைத்தால், 5% என்று நீங்கள் நம்பும் பிழை 14% ஆகிவிடும். பத்து முறை பார்த்தால் 19%. நடுவில் பார்க்கவே கூடாது என்றில்லை. அதற்கென்று இறுக்கமான வரம்புகளை முன்பே வகுத்துவிட்டுப் பார்க்கலாம்.

முடிவைப் பார்த்தபின் ஒருமுனைச் சோதனைக்குத் தாவுவதும் உண்டு. இருமுனைச் சோதனை வித்தியாசத்தை இரண்டு திசையிலும் தேடும், ஒருமுனைச் சோதனை ஒரே திசையில் மட்டும். ஒரு நாணயத்தை 100 முறை சுண்டி 60 தலை வந்தால் இருமுனைப் பி-மதிப்பு 0.057, ஒருமுனை 0.028. “தலைதான் அதிகம் வரும் என்று முதலிலேயே நினைத்தேன்” என்று இப்போது சொல்வதை யார் சரிபார்ப்பது?

எதிர்ப்பக்கச் சிக்கல் பெரிய தரவுகளில் வருகிறது. ஒரு செயலியில் பொத்தானின் நிறத்தை மாற்றுகிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் 5 லட்சம் பேர். அழுத்தியவர்கள் 10.00%, 10.15%. பி-மதிப்பு 0.013 வரும். மேலாளர் கைதட்டுவார். உண்மையான வித்தியாசம் எந்த வீச்சுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பக இடைவெளியைப் பார்த்தால் வித்தியாசம் 0.03இலிருந்து 0.27 சதவீதப் புள்ளி வரை எங்கும் இருக்கலாம். இதற்காக வேலை செய்வது லாபமா என்பதைப் பி-மதிப்பு சொல்லாது. ஐசிஸ்-2இலும் எனக்கு முக்கியமாகப் படுவது “லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு” அல்ல. சுமார் 1.5 முதல் 3.4 சதவீதப் புள்ளி வரை இறப்பு குறைகிறது என்ற இடைவெளிதான். முடிவு எழுதும்போது இதை முதலில் எழுதுங்கள், பி-மதிப்பு பின்னால் வரட்டும்.

கடைசியாக, சோதனையைத் தேர்ந்தெடுப்பதில் நடப்பது. 30 பேரிடம் ஆளுக்கு மூன்று முறை ரத்த அழுத்தம் எடுத்தால் கையில் 90 எண்கள் இருக்கும், ஆனால் 90 தனித்தனி மனிதர்கள் இல்லை. மென்பொருளுக்கு அது தெரியாது, 90 என்று நினைத்துக்கொண்டு பி-மதிப்பைப் பொதுவாகத் தேவைக்கு மீறிக் குறைத்துக் காட்டும். எளிய வழி, ஒவ்வொருவரின் சராசரியை எடுத்து 30 எண்களோடு வேலை செய்வது. அதே 30 பேரிடம் மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்திருந்தால், அவற்றை இரண்டு தனிக் குழுக்களாக ஒப்பிடாதீர்கள். ஒவ்வொருவரின் முன்-பின் வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அந்த வித்தியாசங்களின் சராசரி பூஜ்ஜியத்திலிருந்து விலகுகிறதா என்று பார்க்கும் இணை டி-சோதனை போடுங்கள்.