பழைய வெஸ்பா வாங்கும்போது முதலில் ரப்பர் மேட்டைத் தூக்குங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் சில வீட்டுத் தாழ்வாரங்களில் கித்தான் போர்த்திய வெஸ்பா ஸ்கூட்டர் நிற்கும். தாத்தா ஓட்டியது, விற்க மனசில்லை, ஓட்டவும் ஆளில்லை. அப்படி ஒன்று கைக்கு வந்தால் எஞ்சினைப் பார்க்காதீர்கள், கால் வைக்கும் தரைத் தகட்டைப் பாருங்கள்.

காரணம் 1946-லேயே இருக்கிறது. இத்தாலியின் பியாஜியோவுக்கு இதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், மோட்டார்சைக்கிள் என்றாலே பிடிக்காதவர். செயின் எண்ணெய் துணியில் படக்கூடாது என்று எஞ்சினைப் பின்சக்கரத்தோடே சேர்த்தார், காலை வீசாமல் ஏறி உட்கார நடுவில் இடம் விட்டார், முன்சக்கரத்தை விமானச் சக்கரம் மாதிரி ஒரே பக்கம் தாங்க வைத்தார், அதனால் பஞ்சரானால் கழற்றுவது சுலபம். எல்லாவற்றுக்கும் மேலாக, தனிச் சட்டமே (பிரேம்) வைக்காமல் வளைத்த இரும்புத் தகட்டையே உடம்பாக்கினார். 1947-இல் வந்த போட்டி ஸ்கூட்டரான லம்பிரெட்டாவுக்கு உள்ளே குழாய்ச் சட்டம் உண்டு. வெஸ்பாவில் தகடு இற்றால் வண்டியே இற்றது.

நம் ஊர் மழையும் செம்மண் சேறும் அந்தத் தகட்டைத்தான் தின்கின்றன. நான் முதலில் வாங்கியது கண்ணாடி மாதிரி மின்னியது. இரண்டாவது வாரம் பிரேக் மிதித்தபோது மிதியைச் சுற்றிய தகடு அப்படியே உள்ளே போனது, அடியில் இருந்ததெல்லாம் ஓட்டையை அடைத்துப் பூசும் பட்டி. அந்த வண்டியை இழந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். மேட்டைத் தூக்கி, பிரேக் மிதியைச் சுற்றியும் தரையின் ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடம் பட்டி. படுத்து அடிப்பக்கமும் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அப்புறம் உடம்பில் அடித்த எண்ணும் கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், ஒன்றில்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

எஞ்சினைச் சரி செய்யலாம், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தெரிந்த போமன் (மெக்கானிக்) போதும். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, கார்பரேட்டரைக் கழுவி, புது பிளக் போடுங்கள். கியர் பெட்டிக்கு எஸ்ஏஇ 30 எண்ணெய், 250 மில்லி. பிஎக்ஸ் என்ற வெஸ்பா வகையில் ஆயிலுக்குத் தனி டேங்க் இல்லையென்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான) எண்ணெய் கலக்க வேண்டும், 1950-களின் வண்டிகளுக்கு 50 மில்லி. கிளப்பியதும் கொஞ்சம் புகை வரும், அது சரி. சூடான பிறகும் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டே இருந்து, கியர் எண்ணெயும் குறைந்தால் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போய்விட்டது, மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

மழையில் ஓட்டி வந்தால் மேட்டைக் கழற்றி, தரையைத் துடைத்து, இரவு அப்படியே காயவிடுங்கள்.