மழைக்கு முன்னே எழுதி வைக்க வேண்டிய சீட்டு: வெள்ளத்துக்கு ஒரு சபைக் குடும்பம் தயாராவது எப்படி?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்கே குடையோடுதான் போனோம். அன்று ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் (கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போவது) இல்லை என்று வாலிபர் ஐக்கியத்துப் பையன்கள் சொன்னபோது, எனக்குச் செய்து வைத்த பலகாரம் வீணாகிறதே என்றுதான் வருத்தம். மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. எங்கள் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு வராது. எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம், தாமிரபரணிப் பாசனம். அதற்கு மேல் ஊர்ப்பெயர் வேண்டாம்.

அந்த ராத்திரி நாங்கள் செய்த தப்புகளைத் திருத்தி, இரண்டு மழைக்காலமாகப் பழகி வைத்திருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டார்ச், தீப்பெட்டி, பிஸ்கட் பாக்கெட் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

"முன்னேற்பாடு செய்வது விசுவாசக் குறைவு இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். யோசேப்பு பார்வோனிடம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னது வேதாகமத்தில் ஆதியாகமம் 41-இல் இருக்கிறது. பஞ்சம் வரும் என்று காட்டிய பார்வோனின் கனவுக்கு அர்த்தம் யாரிடமிருந்து வந்தது என்று அதே அதிகாரம் சொல்கிறது. சரி, வேலைக்குப் போவோம்.

படி 1: வாளி

பை வாங்காதீர்கள். 20 லிட்டர் பெயிண்ட் வாளி, மூடியோடு, ஒன்று போதும். பெயிண்ட் அடிக்கிறவர்களிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். மூடியைச் சுற்றிலும் தட்டி அழுத்தினால் தண்ணீர் போகாது, மிதக்கும், மேலே உட்காரலாம், எல்லாம் முடிந்த பிறகு தண்ணீர் பிடிக்கலாம். ஆன்லைனில் 'வாட்டர் புரூப்' என்று விற்கிற பையை என் தங்கை வாங்கினாள். ஜிப் வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டது.

வாளிக்குள் போக வேண்டியவை: பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ். எல்லாவற்றையும் இரட்டை ஜிப் கவரில் போடுங்கள். கூடவே சில்லறையாக 2,000 ரூபாய். டவர் விழுந்தால் ஜிபே கிடையாது. "டிஜிலாக்கர்ல எல்லாம் இருக்கே" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான், இருந்தது. உள்ளே போக ஓடிபி வேண்டும், ஓடிபி வர டவர் வேண்டும்.

போன் நம்பர்களைக் காகிதத்தில் எழுதுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. இதோடு ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) நம்பர், மேட்டுத் தெருவில் இருக்கிற இரண்டு வீட்டு நம்பர். பென்சிலால் எழுதுங்கள். நான் நீல ஜெல் பேனாவால் அழகாக எழுதி வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் அந்தத் தாள் முழுக்க ஒரே ஊதா மேகம்.

படி 2: சமைக்காமல் சாப்பிடுகிற சாப்பாடு

ஐந்து பேர் என்றால் குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், மூன்று நாளைக்கு 45 லிட்டர். மழை வலுக்கும்போதே பாத்திரங்களில் பிடித்து மூடி உயரத்தில் வையுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு எந்தத் தண்ணீரானாலும் தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதித்தால்தான் வாயில் வைக்க வேண்டும். பேதி வந்தால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பை மட்டும் கூட்டிவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு அவல், பொட்டுக்கடலை, சத்துமாவு, கருப்பட்டி. நூடுல்ஸ் வேண்டவே வேண்டாம். அடுப்பு நனைந்த வீட்டில் அது வெறும் பாக்கெட். எங்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? கிறிஸ்துமஸுக்குச் சுட்டு டின்னில் அடைத்த முறுக்கும் முந்திரிக்கொத்தும். மொட்டை மாடியில் பதினோரு பேர் இரண்டு நாள் அதைத்தான் கடித்தோம். டின்னைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தது என் மாமியார். அவர்களுக்குச் சர்க்கரை வியாதி, அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

படி 3: போகிற நேரத்தை முன்பே முடிவு செய்வது

இந்தப் பதிவில் இது ஒன்றை மட்டும் படித்தாலும் போதும்.

எங்கள் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, ஐந்து படி. அன்று ராத்திரி 11 மணிக்கு என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் முதல் படியைத் தொட்டுவிட்டது என்றார். மாமனார், "இன்னும் ஒரு படி ஏறட்டும், பாப்போம்" என்றார். குடும்ப ஜெபம் வைத்தோம். 46-ஆம் சங்கீதம் வாசித்தது நான்தான். ஜலங்கள் கொந்தளிப்பதைப் பற்றி அதிலேயே வருகிறது. வாசலில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் வாசித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு இரண்டாம் படி. "கர்த்தர் பாத்துக்கிடுவாரு, படுங்க" என்றார் மாமா. ஒன்றே முக்காலுக்குக் கட்டிலில் இருந்து காலைத் தொங்கவிட்ட என் மகள், "அம்மா, தண்ணி" என்றாள். குடிக்கக் கேட்கிறாள் என்று எழுந்து செம்பை எடுக்கப் போனேன். என் காலிலும் ஈரம்.

அதற்கப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில் மாமியாரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி, பக்கத்து வீட்டு மாடிக்குப் போனோம். பதினோரு மணிக்கே என்றால் நடந்தே போயிருப்பார்கள்.

மாமாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று எனக்கும் போகலாம் என்றுதான் இருந்தது, என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். ஆனால் ஜெபம் முடிந்த கையோடு "கிளம்புவோம்" என்று சொல்கிறவர் விசுவாசம் இல்லாதவர் மாதிரி ஆகிவிடுவார் அல்லவா? அந்தக் கூச்சத்தில் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அர்த்த ராத்திரியில், பயத்தில், பெரியவர்கள் எதிரில் எடுக்கிற முடிவு இப்படித்தான் இருக்கும். ஆகவே வெயில் காய்கிற ஒரு நாளில் உட்கார்ந்து முடிவெடுங்கள்.

ஒரு சீட்டில் மூன்று வரி:

தண்ணீர் எதைத் தொட்டால் கிளம்புவது. (எங்களுக்குக் கோயிலின் முதல் படி. உங்களுக்கு ஓடைப் பாலமோ, பள்ளிக்கூடத்து மதிலோ, இருட்டிலும் டார்ச் அடித்தால் தெரிகிற ஏதாவது.)

யார் அதைச் சொல்வது. (ஒரே ஆள். எங்கள் வீட்டில் மாமாவே. அவர்கள் வாயாலேயே வந்தால் யாருக்கும் மனக்குறை இல்லை.)

எங்கே போவது, எந்தத் தெரு வழியாக. (ஓடைப் பக்கம் கூடாது, சுற்றினாலும் மேட்டு வழி.)

இந்தச் சீட்டை வேதப்புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கிறோம். எழுதின அன்றைக்கு அதன்மேல் ஜெபித்தோம். தண்ணீர் அந்த அடையாளத்தைத் தொட்டால் மறுபடி கூடிப் பேசுவது கிடையாது, நடந்துகொண்டே ஜெபிக்கலாம். நெகேமியா 4:9-ஐப் பாருங்கள். எருசலேம் மதிலைக் கட்டினவர்கள் தேவனை நோக்கி ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில்.

கிளம்பும்போது மெயின் சுவிட்ச், கேஸ் ரெகுலேட்டர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் மெழுகுவர்த்தி ஏற்றாதீர்கள். கேஸ் கசிந்திருந்தால் தெரியாது. டார்ச்சோடு போய்க் கதவு ஜன்னலைத் திறங்கள்.

படி 4: கோயில் மணி

கரண்ட் போய், டவர் போய், வாட்ஸ்அப் குழு செத்த பிறகு ஊருக்கெல்லாம் கேட்கிற ஒரே பொருள் கோயில் மணிதான். முதல் மணி, இரண்டாம் மணி, சாவு மணி என்று எங்களுக்குக் காது பழகியிருக்கிறது. அன்று ராத்திரி மணி அடிக்கிற அண்ணன் போய் அடிக்கத்தான் செய்தார். ஆனால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பாதிப் பேர் புரண்டு படுத்தோம்.

இப்போது ஐயரிடம் பேசி ஒரு ஏற்பாடு. மூன்று அடி, நிறுத்தம், மூன்று அடி, இப்படிக் கால் மணி நேரம் அடித்தால் மேட்டுக்குக் கிளம்பு என்று அர்த்தம். அக்டோபர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒருமுறை அடித்துக் காட்டுகிறார்கள். இந்து வீடுகளுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறோம், தண்ணீர் சபை ரிஜிஸ்டர் பார்த்து வராது.

படி 5: இன்னொரு வீட்டுக்கும் சேர்த்து

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனி டின்னில் போட்டு, கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்பது. இப்போது பல வீடுகளில் அதற்குப் பதிலாகக் கவரில் பணம். நான் இரண்டாவதாக ஒரு டின் வைத்திருக்கிறேன். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், தினம் இரண்டு வேளைக்கு மாதம் 3 கிலோ. ஆடியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் ஒரு வீட்டுக்கு ஒரு வாரச் சாப்பாடு சேர்ந்துவிடும், கையைக் கடிக்காமல். வண்டு வராமல் நாலு வசம்புத் துண்டு போடுங்கள். மழை முடிந்து தையில் அதைச் சமைத்துத் தீர்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மறுநாளைக்கு எடுத்து வைத்த மன்னா புழுத்ததே, அரிசியும் அப்படித்தான்.

யாருக்கு என்பதையும் பெயரோடு முடிவு செய்யுங்கள். எங்கள் டின் பின்தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு. அந்த வெள்ளத்தில் திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் தங்கள் கையில் இருந்ததைப் பொங்கிப் போட்டார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்ற நேரம் அது.

பின்சேர்க்கை 1

இன்சுலின் பற்றி நான்கைந்து பேர் கேட்டிருந்தீர்கள். பிரிட்ஜ் இல்லாமல் போனால் ஒரு சின்ன மண்பானையை ஈர மணலில் வைத்து, குப்பியை ஜிப் கவரில் போட்டு அதற்குள் வைக்கலாம். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து போச்சு. திறந்த குப்பி எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு அந்தப் பென்சில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாளியில் எப்போதும் பத்து நாள் மாத்திரை இருக்கட்டும். மாதாமாதம் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2

ஆடு மாடு. இதை முதலில் எழுதாமல் விட்டது என் தவறு. எங்கள் வீட்டில் இல்லாததால் தோன்றவில்லை. ஒரு அண்ணன் எழுதியிருந்தார்: "கயித்த அவுத்து விட்டிருந்தா நீந்தியாவது போயிருக்கும்மா." மேட்டுக்கு ஓட்டிப் போக நேரம் இல்லையென்றால் கட்டை அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள். சீட்டில் நாலாவது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3

நனைந்த வேதப்புத்தகத்தை என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டார். எங்கள் குடும்ப வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் மாமாவின் தாத்தா காலத்தில் இருந்து பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாம் எழுதியிருக்கும். ஈரத்தில் நான் அவசரப்பட்டுத் தாளைப் பிரித்தேன், நாலு பக்கம் கையோடு வந்துவிட்டது. பிரிக்காதீர்கள். புத்தகத்தை விசிறி போல லேசாக விரித்து நிற்கவைத்து, விலகுகிற இடத்தில் மட்டும் வெள்ளைத்தாள் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். வெயில் கூடாது, தாள் முறுக்கிக்கொள்ளும். நியூஸ்பேப்பரும் கூடாது, அதன் மை ஒட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே அந்த முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கிற ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு 1950-க்கு முந்தைய பெயர்கள் போய்விட்டன. மாமா தனக்கு ஞாபகம் இருந்ததைப் பென்சிலால் எழுதினார்கள்.

பின்சேர்க்கை 4

போன வாரம் மழைக்கு முன்னே சரிபார்ப்போம் என்று வாளியைத் திறந்தேன். உள்ளே கழுத்துவரை முறுக்கு. "மூடி நல்லா டைட்டா இருக்குல்லா, நமுத்துப் போவாது" என்றார்கள் என் மாமியார். பத்திரம் எல்லாம் பழையபடி பீரோவின் கீழ்த்தட்டில். இன்னொரு வாளிக்குச் சொல்லியிருக்கிறேன்.