உயிர் விராலை வீட்டுக்குக் கொண்டுபோக

கோடையில் கண்மாய் வற்ற ஆரம்பித்தால் காரைக்குடிப் பக்கம் விரால் உயிரோடு விற்பனைக்கு வரும். வாங்கியதும் பலர் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி இறுக மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் காற்றை நேராக இழுக்கும் உறுப்பு இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து வாய் திறந்து மூச்செடுத்தே ஆக வேண்டும். மேலே வர வழியில்லை என்றால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீனுக்கு இப்படி ஒரு அமைப்பு என்பது எனக்கு இன்னமும் பெரிய ஆச்சரியம்தான்!

அதனால் உடம்பு நனைகிற அளவு தண்ணீர் போதும். மேலே நிறைய இடம் விட்டு, வாளியின் வாயைத் துணியால் கட்டுங்கள். கட்டாவிட்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும்.

வீட்டில் கல் உப்பைத் தூவிச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, வழவழப்பு போன பிறகே கத்தியை எடுங்கள். இல்லையென்றால் கை வழுக்கும். அப்புறம் குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்ததும் துண்டுகளைப் போட்டு, கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றினால் மீன் உடையாது.