நூறு சிசி வண்டியில் நம் கையாலேயே வரும் கோளாறுகள்

ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி எஞ்சின் தருவது ஏறக்குறைய 8 குதிரைத்திறன்தான். 350 சிசி வண்டியில் பின் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இதில் அதே பிடிப்பு இருந்தால் மேட்டில் நாலாவது கியர் இழுக்காமல் திணறும். உடனே 'பிக்கப் போச்சு' என்று ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) மாற்றுவார்கள், ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றுவார்கள், சைலன்சரை வெட்டுவார்கள். கோளாறோ பிரேக் ராடின் முனையில் இருக்கும் ஒரு நட்டில். மாடிஃபிகேஷன் கேட்கும் பல சின்ன வண்டிகளுக்கு உண்மையில் வேண்டியது ஒழுங்கான ஒரு சர்வீஸ். முதலில் கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மாற்றலாம்.

அந்த நட்டு தானாக இறுகுவதில்லை. செயினை டைட் செய்யும்போது பின் சக்கரம் சில மில்லிமீட்டர் பின்னால் நகர்கிறது. டிரம்மும் அதோடு நகர்வதால் பிரேக் ராட் இழுபட்டு, மிதிக்காமலே பிரேக் பாதி பிடித்துவிடுகிறது. செயினைச் சரிசெய்துவிட்டு பிரேக்கைப் பார்க்காமல் போவதுதான் வீட்டு மெக்கானிக்குகள் செய்யும் முதல் தவறு. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம்மில் கை வைத்தால் சுடும்.

சரியான வரிசை இது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரலில் வைக்கவும். செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடங்களில் செயினின் தொய்வைப் பார்க்கவும். தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு தொங்காது. எந்த இடத்தில் மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ அங்கேதான் அளவெடுக்க வேண்டும். மேலும் கீழுமாகச் சேர்த்து 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும் (மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், கையேட்டில் இருக்கும்). ஆக்ஸில் நட்டோடு ஸ்பிராக்கெட் பக்கம் உள்ள ஸ்லீவ் நட்டையும் தளர்த்த வேண்டும். அதை மறந்துவிட்டு அட்ஜஸ்டரை மட்டும் திருப்பினால் ஒரு பக்கம் நகரும், மறுபக்கம் நகராது, சக்கரம் கோணிக்கொள்ளும். இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்பி, ஸ்விங்ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனவா என்று பார்க்கவும். நட்டுகளை இறுக்கியபின் தொய்வை மறுபடி அளக்கவும், இறுக்கும்போதே கொஞ்சம் மாறியிருக்கும். கடைசியாக பிரேக் பெடல் 20 முதல் 30 மில்லிமீட்டர் வெறுமனே இறங்கும்படி ராட் நட்டை வைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கவும். உரசாமல் ஓட வேண்டும்.

'சத்தம் வருது' என்று செயினை வீணைக் கம்பி மாதிரி இறுக்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஸ்விங்ஆர்ம் மேலே ஏறும்போது இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடும். அந்தக் கூடுதலுக்குத்தான் தொய்வு. அது இல்லாவிட்டால் இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்குக்கும் சக்கர பேரிங்குக்கும் போகிறது. லூசான செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். டைட்டான செயின் பேரிங்கைத் தின்றுவிட்டுத்தான் தெரியவரும்.

செயின் லாக் கிளிப்பை மாட்டும்போது மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால், கவரில் எங்காவது உரசினாலே கிளிப் தெறித்துவிடும். எண்ணெய்க்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும். கிரீஸ் அப்பினால் புழுதி ஒட்டி அரைப்பு மாவு போலாகி பின்னையும் ரோலரையும் தேய்க்கும். வடித்த பழைய எஞ்சின் ஆயிலும் அதே ரகம்தான், அதில் ஏற்கெனவே இரும்புத்தூள் இருக்கிறது.

ஸ்பிராக்கெட் மாற்றுவதில் கணக்கு எளிது. முன்னே 14 பல், பின்னே 42 பல் என்றால் விகிதம் 3. முன்னே 15 ஆக்கினால் 2.8. அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 7 சதவீதம் குறைவாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் இதமாக இருக்கும்தான். ஆனால் இருவர் ஏறி மேம்பாலத்தில் போகும்போது நாலாவது கியரை விட்டுவிட்டு மூன்றுக்கு இறங்க வேண்டிவரும். மிச்சமாகும் என்று நினைத்த பெட்ரோல் அங்கே போய்விடும். பழைய செயினில் புதிய ஸ்பிராக்கெட் போடுவதோ வெறும் வீண் செலவு. நீண்டுபோன செயின் புதிய பற்களைச் சீக்கிரமே கொக்கியாக்கிவிடும். மாற்றினால் செட்டாகத்தான்.

டேப்பட்: அமைதியை நம்பாதீர்கள்

டக் டக் என்று எஞ்சினின் தலைப்பக்கம் சத்தம் வந்தால் டேப்பட்டை (வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி) டைட் வைக்கச் சொல்வார்கள். சத்தம் அடங்கும், வண்டி நன்றாக ஆகிவிட்டதாகத் தோன்றும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும்; அதற்கு விட்டிருக்கும் இடைவெளியை மூடிவிட்டால் வால்வு தன் சீட்டில் முழுதாக உட்காராது. வால்வின் சூடு பெரும்பாலும் சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குப் போகிறது. உட்காராத வால்வு எரிந்து ஓரம் கருகும், கம்ப்ரஷன் போகும், காலையில் நாற்பது உதை. சீட் தேயத் தேய இடைவெளி தானாகவே குறைந்துகொண்டும் போகும். அதனால் சத்தமே இல்லாத பழைய எஞ்சினைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

இந்த வகை எஞ்சின்களில் அளவு 0.05 மில்லிமீட்டரை ஒட்டியது. தன் மாடலுக்கு எது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. இவ்வளவு நுண்மையை விரலால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜின் விலை ஒரு சைலன்சரின் விலையில் சிறு பங்குகூட இல்லை. எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். இடப்பக்க மேக்னெட் கவரின் மூடிகளைக் கழற்றி, நடு நட்டில் ஸ்பேனர் போட்டு இடஞ்சுழியாகத் திருப்பி பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியை நேராக்க வேண்டும். பக்கத்திலேயே 'எஃப்' குறி இருக்கும். அது இக்னிஷனுக்கானது, குழம்பக்கூடாது. 'டி' நேராக வந்தாலும் பிஸ்டன் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் நிற்கலாம். இரண்டு ராக்கரும் லேசாக ஆடினால் சரியான இடம். ஒன்று இறுகியிருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று. கேஜ் தகடு வெண்ணெயில் கத்தி போல இல்லாமல், தாளுக்கிடையே தாள் இழுப்பது போல லேசாகப் பிடித்து வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும் என்பதால் இறுக்கியபின் மறுபடி தகடு விட்டுப் பார்க்காதவர் வேலையை முடிக்கவில்லை.

ஆயில்

கடையில் 'எந்த ஆயில் அண்ணே' என்றால் பிராண்டைச் சொல்வார்கள். பாட்டிலின் பின்பக்கம் பார்க்க வேண்டியது 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற ஜப்பானியத் தரக்குறி. கியர் வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே முழுகியிருக்கின்றன. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கான 'எம்பி' ஆயிலிலும், பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காகச் செய்த கார் ஆயிலிலும் வழுக்கல் அதிகம். ஊற்றினால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று செலவு வைப்பார்கள்.

அளவில் இன்னொரு தவறு. வடித்து மாற்றும்போது உள்ளே போவது, எஞ்சினைப் பிரித்து மாட்டும்போது போவதைவிடச் சுமார் 200 மில்லி குறைவு. பாட்டிலில் இருக்கிறதே என்று முழுவதும் கவிழ்த்தால் மிச்சம் பிரீதர் (எஞ்சினின் காற்றுப்போக்கிக் குழாய்) வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வந்து சேரும். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அதே அளவு நேரம் காத்திருந்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உட்காரவைத்து அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

ஸ்ப்ளெண்டரில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலப்பக்க கவருக்குள் ஒரு கம்பி வலையும், சுழலும்போது அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் ரோட்டரும்தான் வடிகட்டி. வெறுமனே ஆயில் மாற்றிக்கொண்டே இருந்தால் ரோட்டருக்குள் கறுப்புக் களிமண் போல அடை தங்கும். கிளட்ச் வேலைக்காக அந்தக் கவரைத் திறக்கும்போதாவது இரண்டையும் கழுவி, புதிய பேக்கிங் போடச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

ட்ரெயின் போல்ட்டும் ஸ்பார்க் பிளக்கும் அலுமினியத்தில் உட்காருகின்றன. பிளக்கை ஸ்பேனரால் தொடங்கவே கூடாது. விரலால் கடைசிவரை திருகி, புது பிளக் என்றால் அதற்குமேல் அரைச் சுற்று போதும். மரை போனால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத் தூக்கிப்போக வேண்டும்.

சைலன்சர், ஃபில்டர், விளக்கு, டயர்

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் சத்தம் கூடும், வேகம் கூடியது போலத் தோன்றும். காற்று கூடி பெட்ரோல் கூடாததால் கலவை மெலிந்து எஞ்சின் சுடும். புழுதியோ பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உட்சுவரையும் அறுக்கும். கார்புரேட்டரைச் சரிசெய்யப் போகிறவர்கள் கலவை ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது, திறக்கத் திறக்க கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் திறக்கத் திறக்க பெட்ரோல் கூடும். இது தெரியாமல் 'ஒன்றரைச் சுற்று' என்று எல்லா வண்டிக்கும் வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதுதான். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) வண்டிகளில் இந்த வேலையே இல்லை. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத்தான் பெட்ரோல் அளவு தீர்மானமாகிறது. அங்கே வெட்டி ஒட்டினால் எச்சரிக்கை விளக்கு எரிவதோடு மைலேஜும் சரியும்.

35 வாட் பல்புக்குச் செய்த ஹோல்டரில் ஏறக்குறைய 3 ஆம்பியர் ஓடும். 100 வாட் போட்டால் 8-க்கு மேல். ஒயர் சுடும், ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும். எல்இடி பார் மாட்டுகிறவர்கள் ஹெட்லைட் ஒயரைக் கிள்ளி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைவிட, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸும் ரிலேயும் போட்டு எடுப்பதுதான் முறை. போன ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பின்னால் 100/90-18 டயர் பார்க்க கம்பீரம். அதற்கு 2.15 அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும். 100 சிசி வண்டியின் ஒல்லி ரிம்மில் ஏற்றினால் டயர் பிதுங்கி, நடுப்பட்டை மட்டும் தரையில் படும், வளைவில் பிடிப்பு மாறும். 80/100-18-ஐவிட அதன் விட்டம் சுமார் 3 சதவீதம் அதிகம் என்பதால் கியரும் கனமாகிவிடும். எட்டு குதிரைக்கு இது தேவையா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு

யமஹாவின் ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் வண்டி. அது தனி உலகம். ஆயில் பம்ப் பழுதானால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, டேங்கிலேயே 2டி ஆயில் கலந்து ஓட்டும் பழக்கம் இருக்கிறது. லிட்டருக்கு 25 மில்லி என்றால் 40-க்கு 1. அளந்து, ஊற்றி, குலுக்கினால் சமவெளியில் ஓடும். சிக்கல் மலையிறக்கத்தில். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் திராட்டிலை மூடி, எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, பெட்ரோலோ மிகக் குறைவாகவே போகிறது. பெட்ரோலோடு சேர்ந்து வர வேண்டிய ஆயிலும் அதே போலக் குறைந்துவிடுகிறது. பிஸ்டன் வறண்டு பிடித்துக்கொள்வது அங்கேதான். பம்ப் இருந்தால் மூடிய திராட்டிலிலும் குறைந்தபட்ச அளவு ஆயில் தந்துகொண்டே இருக்கும். அது இல்லாத வண்டியில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் முன்பு கிளட்ச்சைப் பிடித்து, திராட்டிலை ஒரு முறை திறந்து மூட வேண்டும்.