ஈஸ்ட்டில் ஈரிழை ஆர்.என்.ஏ.: ஜெல்லில் பட்டை தெரிந்ததும் சறுக்கும் இடங்கள்

சாக்கரோமைசஸ் செரிவிசியே ஈஸ்ட்டிலிருந்து ஈரிழை ஆர்.என்.ஏ.வை (அதில் தங்கும் சில வைரஸ்களின் மரபுப்பொருள்) பிரித்தெடுப்பது அப்படியொன்றும் கடினமில்லை. பிரித்தது என்னவென்று முடிவுகட்டும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் உப்பைக் கவனியுங்கள். ஓரிழை ஆர்.என்.ஏ.வை அழிக்க ஆர்.என்.ஏஸ்-ஏ நொதியைச் சேர்ப்பது வழக்கம். 0.3 மோலார் அல்லது அதற்கு மேல் சோடியம் குளோரைடு இருந்தால் அது ஈரிழையைத் தொடாது. உப்பு குறைந்தால் அதையும் விட்டுவைக்காது. நீர்த்த கரைசலில் நொதியைப் போட்டுவிட்டு "இதில் வைரஸ் இல்லை" என்று எழுதுவதற்குப் பொருளே இல்லை. ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, மிகுந்த உப்பிலும் குறைந்த உப்பிலும் நொதியோடு வைத்து, மூலக்கூறுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். முன்னதில் நிலைத்து, பின்னதில் மறையும் பட்டைதான் நமக்கு வேண்டியது. டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் நொதியால் செய்யும் சோதனை தனி, அதையும் விடக்கூடாது.

ஈரிழையைச் செல்லுலோஸில் ஒட்டவைத்துப் பிரிக்கும் முறையில் சுமார் 16 சதவீத எத்தனால் இருக்கும்போதுதான் அது ஒட்டும். கழுவும் கரைசலில் எத்தனாலை மறந்தால் எல்லாம் வடிந்துபோகும். ஜெல்லைப் பார்க்கும்வரை கழுவிய நீரைக் கொட்டாதீர்கள்.

அடுத்தது அளவு. 4.6 கிலோபேஸ் (4,600 கார இணை நீளம்) அருகே ஒரு பட்டை தெரிந்தால் உடனே ஈஸ்ட்டில் வாழும் எல்-ஏ வைரஸ் என்று எழுதிவிடுகிறார்கள். ஈஸ்ட்டின் இன்னொரு வைரஸான எல்-பி.சி.யும் ஏறத்தாழ அதே நீளம்தான். ஒரே பட்டைக்குள் இரண்டும் இருக்கலாம். டி.என்.ஏ. அளவுகோலை மட்டும் நம்புவதும் சரியல்ல, ஈரிழை ஆர்.என்.ஏ. அதே வேகத்தில் ஓடாது. ஏற்கெனவே அறிந்த ஈஸ்ட் வகையின் மாதிரியைப் பக்கத்தில் ஓடவிடுங்கள்.

1963-இல் பெவனும் மேகோவரும் விவரித்த கொல்லி ஈஸ்ட்டை (நச்சைச் சுரந்து பிற ஈஸ்ட்டுகளைக் கொல்வது) சோதிப்பதிலும் இதே அவசரம்தான். அது சுரக்கும் நச்சுகளில் ஒன்றான கே1-க்குச் சுமார் 4.7 பி.எச். அளவு அமிலத்தன்மையும் குளிர்ந்த வெப்பநிலையும் தேவை. நடுநிலை ஊடகத்தில், பிற ஈஸ்ட் செத்த இடத்தைக் காட்டும் வளையம் தெரியாது. வளையம் தெரிந்தாலும் அது ஆர்.என்.ஏ.வால்தான் என்று சொல்ல முடியாது: குளுய்வெரோமைசஸ் லாக்டிஸ் என்ற வேறு ஈஸ்ட்டில் நச்சைத் தருவது நேர்கோட்டு வடிவ டி.என்.ஏ. பிளாஸ்மிடு (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ.). வளையம் இல்லாவிட்டாலும் எல்-ஏ மட்டும் இருக்கலாம். கே1 நச்சுக்கான மரபுக்குறியைச் சுமக்கும் எம்1, எல்-ஏயின் உறையில் தங்கும் தனி ஈரிழை ஆர்.என்.ஏ. சைக்ளோஹெக்சிமைடு மருந்தோ வெப்பமோ எம்1-ஐ விரட்டிய பிறகும் எல்-ஏ தங்கிவிடுவது உண்டு.

ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. படியெடுக்கும் தலைகீழ் படியெடுப்பு தோற்றால், கருவித் தொகுப்பு விற்றவரைத் திட்டுமுன் இழைகளைச் சூடாக்கிப் பிரித்து, உடனே பனிக்கட்டியில் வைத்தீர்களா என்று பாருங்கள்.