பிரிவெட் வேலியில் ஏறிய பைண்ட்வீட்: எனக்குப் பலன் தந்த வழி

லண்டன் வீட்டின் பின்பக்கம் பிரிவெட் என்ற புதர்ச்செடியால் ஆன உயிர்வேலியை ஹெட்ஜ் பைண்ட்வீட் என்ற களைக்கொடி முழுசாக மூடிவிட்டது. வெள்ளைப் பூ அழகுதான், ஆனால் உள்ளே வெளிச்சம் போகாமல் வேலி இலை உதிர்க்க ஆரம்பித்தது.

முதலில் கையால் பிடுங்கினேன், தரையோடு அறுந்து மறுபடி துளிர்த்தது. அப்புறம் தோண்டினேன். மண்ணுக்குள் ஓடும் வெள்ளைக் கிழங்குத்தண்டு தொட்டாலே ஒடியும், விட்டுப்போன சின்னத் துண்டும் புதுக் கொடியாகிவிடும். போதாததற்கு பிரிவெட் வேரோடு வேறு பின்னிக்கிடந்தது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை நேராகத் தெளித்தால் வேலியும் சேர்ந்து கருகும்.

கடைசியில் வசந்தத்திலேயே வேலிக்கு முன்னால் மூங்கில் குச்சிகளை நட்டு, வரும் தளிரையெல்லாம் அதில் ஏற்றினேன். பலர் கவனிக்காத ஒன்று: மேலிருந்து பார்த்தால் இந்தக் கொடி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும், அதனால் நுனியிலிருந்து கடிகாரத் திசையில் பிரித்தால் அறுபடாமல் வரும். வேரோடு இணைப்பு இருந்தால்தானே மருந்து கீழே இறங்கும். பூக்கும் சமயத்தில் அப்படிப் பிரித்து பாலித்தீன் பைக்குள் திணித்து, உள்ளே கிளைஃபோசேட் அடித்து, வாயைக் கட்டி, கொடி முழுக்கக் காயும்வரை வெட்டாமல் விட்டேன்.

அடுத்த வசந்தத்தில் பக்கத்து வீட்டு ஓரம் மட்டும் சில தளிர்கள் எட்டிப்பார்த்தன. அவற்றுக்கும் அதே பை வைத்தியம்தான்.